அசைவு

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பதுக்கு மேல்தான்
ஆராய்ச்சிக்கு மெஷின் கிடைக்கும்.
பகலெல்லாம் ஆசாரிப்பள்ளத்தில்
பைக்கிலிருந்து விழுந்த தலைகள், பக்கவாதம்,
தக்கலையிலிருந்து வந்த முதுகெலும்புகள்.

பதினேழாம் எண்ணின் பெயர் பெனிஷா.
படிவத்தில் பெயர் எழுதக்கூடாது,
பதினேழு என்றுதான் அழைக்க வேண்டும்.
அழைத்ததில்லை.

களியலிலிருந்து இரண்டு பஸ் மாறி
அப்பா தாசையனோடு வந்தாள்.
மே மாதப் புழுக்கத்தில் மணிக்கட்டுவரை மூடிய சட்டை.
கம்மலைக் கழற்றச் சொன்னேன். தங்கமா?
"கவரிங்தான்க்கா. தொலஞ்சாலும் பரவால்ல."

தாசையன் வெளியே பெஞ்சில்.
இருபத்தெட்டு வருடமாக ரப்பர் வெட்டுகிறார்,
நக இடுக்கில் ஒட்டுப்பால் கறுத்திருந்தது.
"பட்டை எவ்வளவு ஆழம்னு
கண்ண மூடிட்டே சொல்லுவேன் சிஸ்டர்.
ஒரே வீட்டுல கெடந்தும்
இது எனக்குத் தெரியல்ல."
நான் சிஸ்டர் இல்லை. திருத்தவில்லை.

எனக்கும் அந்த உவமை வந்தது, ஒத்துக்கொள்கிறேன்:
மரம், கீறல், சிரட்டை, வடியும் பால்.
பாதி சொல்லும்போதே தடுத்துவிட்டாள்.
"மரம்னு சொல்லாதீங்கக்கா.
ஸ்கூலுக்கு கவுன்சிலிங் வந்தவங்களும் மரந்தான் சொன்னாங்க.
மரத்துக்குத் திங்கட்கிழமை கிடையாது."

உள்ளே அனுப்பினேன்.
முதல் எட்டு நிமிடம் முகங்கள்:
கோபம், பயம், ஒன்றுமே இல்லாத முகம்.
பார்த்துப் பார்த்துப் பட்டனை அழுத்த வேண்டும்.
அடுத்த எட்டு நிமிடம் ஒரு கூட்டல் குறி.
'அதையே பார், எதையும் குறிப்பாக நினைக்காதே.'
பதினாறு வயதிடம் இதை மைக்கில் சொல்வதற்கு
நான் மாதச் சம்பளம் வாங்குகிறேன்.

டாக்டர் தாணுலெட்சுமி திரையில் விரல் வைத்தார்.
இது அமிக்டலா, பாதாம்பருப்பு அளவு.
இது நெற்றிக்குப் பின்னால், அதை அமர்த்துகிற இடம்.
இரண்டுக்கும் பேச்சுவார்த்தை
சில பிள்ளைகளுக்குக் குறைவோ என்று சந்தேகம்.
குறைந்ததால் மனசு இருண்டதா,
இருண்டதால் குறைந்ததா?
"தெரியாது" என்றார்.
"அதுக்குத்தானே ரெண்டு பேரும்
ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்துக்கிட்டு இருக்கோம்."
தெரியாது என்பதை
இத்தனை நிதானமாகச் சொன்ன டாக்டரை
நான் அதுவரை பார்த்ததில்லை.

ஆறு மாதம் கழித்து, ஐப்பசி மழையில் நனைந்து,
மறுபடி வந்தாள்.
மாத்திரை சாப்பிடுகிறாள்.
வியாழன்தோறும் குழித்துறைக்குப் பேசப் போகிறாள்.
சில வாரம் கொள்ளாம், சில வாரம் இல்லை என்றாள்.
சட்டைக் கை இப்போதும் நீளம்தான்.

திரையில் சிவப்பும் மஞ்சளுமாய் ஒரு மூளை.
"இது நானா?"
இல்லை மக்ளே, நாற்பத்தொரு பேருடைய சராசரி.
"அப்போ நான்?"
காட்டக்கூடாது. காட்டினேன்.
வரைபடத்தில், கோட்டைவிட்டு வெகுதூரம் தள்ளி,
ஒரு புள்ளி.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.
"குட்டியா இருக்கு" என்றாள்.
வருத்தமா ஆறுதலா, பிடிபடவில்லை.

மெஷின் முழங்கத் தொடங்கியது.
ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷின் மாதிரியே சத்தம் என்று
போன தடவை சொல்லியிருந்தாள்.
நான்காம் நிமிடம். முகங்கள் ஓடிக்கொண்டிருந்தன.
கேமராவில் அவள் தோள் குலுங்கியது.
எனக்கு வயிறு இறங்கிவிட்டது.
மைக்கை அழுத்தினேன்: என்ன மக்ளே, வெளியே வரணுமா?

"இல்லக்கா...
இந்தக் கோபக்காரன்... அப்படியே...
எங்க பஸ் கண்டக்டர்!"

அடக்க அடக்கச் சிரிப்பு.
திரையில் அவள் மூளை
மூன்று மில்லிமீட்டர் தள்ளிப்போய்த் திரும்பி வந்தது.
மூன்று மில்லிமீட்டர் எங்களுக்கு ஆகாது.

குறிப்பேட்டில் எழுதினேன்:
எண் பதினேழு. இரண்டாம் வருகை. அசைவு.
கணக்கில் சேர்க்க இயலாது.
காரணம் குறிக்க நான்கு கட்டங்கள் உண்டு:
இருமல், உறக்கம், பயம், பிற.
'பிற'வில் டிக் போட்டேன்.
அடுத்த வாரம் எப்படியோ, அது வேறு கணக்கு.

கதவைத் திறந்தபோது
தாசையன் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.
"உள்ள என்ன சத்தம், சிஸ்டர்?"